மொறிஸ் மைனரின் பிறந்த நாள்

எந்தையாரின் மொறிஸ் மைனர், 1990களின் தடைக்காலத்தில் துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. 2008இல் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்தபோது பதிவுப் புத்தகம் தொலைந்தது. மீண்டபோது வளவில் எஞ்சியது உடற்கூடே. இலக்கத் தகட்டின் சிங்கள 'ஸ்ரீ', 1957இலோ அதன் பின்னரோ பதியப்பட்டதெனக் கூறுமேயன்றி வண்டி பிறந்த நாளைக் கூறாது. கப்பலிலும் கடையிலும் கழிந்த மாதங்கள் எத்தனையோ!

மொறிஸ் பேரேடுகள் இங்கிலாந்தின் கெய்டன் மோட்டார் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. அடிச்சட்ட இலக்கத்தை அனுப்புவோர்க்கு, வண்டி செய்து முடிந்த நாள், நிறம், இயந்திர இலக்கம் ஆகியன சான்றிதழாய்க் கிடைக்கும். ஏட்டை யான் நம்புவேன். எனினும் ஏட்டிலுள்ள வண்டி எமதன்று: இயந்திரம் தடைக்காலத்திலேயே மாறியது, கதவுகள் வேறொரு மைனருடையவை. அந்நாளுக்கு உரிமை கோரத்தக்கவை கூடும் தகடுமே. தகட்டைத் துடைத்து, இலக்கத்தைப் படியெடுத்து அனுப்பியுள்ளேன்.