மதிப்பெண்ணும் விடைத்தாளும்

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், வீட்டுக்கடன் கேட்டுத் தென்காசியில் ஒரு வங்கிக்குச் சென்றோம். கணவனும் மனைவியுமாகக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள் நாங்கள். யாரிடமும் கடன் சொல்லி நின்றதில்லை என்ற பெருமிதமும் எங்களோடு படியேறி வந்தது. அலுவலர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுத் தயக்கத்துடன் சொன்னார்: "சாரோட சிபில் ஸ்கோர் 641தான் காட்டுது."

ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தி மதிப்பெண் இட்டவர்கள், அன்று ஒரு மதிப்பெண்ணின் முன் பேச்சற்று நின்றோம். வீடு திரும்பும் வழியில்தான் ஓர் எண்ணம் தோன்றியது. மதிப்பெண் குறைந்த மாணவர்கள் முதலில் கலங்குவார்கள். பிறகு விடைத்தாளின் நகலைக் கேட்டு விண்ணப்பிப்பார்கள். நாங்கள் ஏன் கேட்கக் கூடாது?

கேட்டோம். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபிலைப் போல இன்று நாட்டில் 4 கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் சட்டம் இவற்றை நெறிப்படுத்துகிறது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அந்த அறிக்கைதான் விடைத்தாள். எந்த வங்கியில், எப்போது, எவ்வளவு கடன், எந்த மாதத் தவணை எத்தனை நாள் தாமதம், கடன் கேட்டு எங்கெங்கே விண்ணப்பித்தோம் என்பதெல்லாம் அதில் உண்டு. சேமிப்புக் கணக்கின் இருப்பு அதில் இல்லை. ஸ்கோர் என்பது இந்த விவரங்களிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்படும் எண். சிபிலில் அது 300 முதல் 900 வரை. தாளில் இல்லாத எதையும் மதிப்பெண் அறியாது. நான்கு நிறுவனங்களும் நான்கு தேர்வாளர்கள் என்பதால், ஒரே மனிதருக்கு நான்கு எண்கள் வருவதும் உண்டு.

எங்கள் விடைத்தாளில் பிழை எங்கே என்று தேடினோம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, பயன்படுத்தாமலேயே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்த ஒரு கடன் அட்டை அங்கே உயிரோடு இருந்தது. அட்டையை வெட்டினோமே தவிரக் கணக்கை மூடவில்லை. 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், வரியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து சில ஆயிரங்களாக வளர்ந்திருந்தது. பிழை எங்களுடையதுதான். தொகையைச் செலுத்திக் கணக்கை முடித்தோம். ஸ்கோர் மெல்ல மெல்லத்தான் ஏறியது. எண்ணை நேரே திருத்த வழியில்லை, தாளில் உள்ளதுதான் மாற வேண்டும். அறிக்கையே தவறாக இருந்தால் முறையிடலாம். 2024 ஏப்ரலிலிருந்து, 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கவும் விதி உள்ளது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். குற்றாலத்தில் எங்களுக்குப் பழக்கமான நேந்திரங்காய் வற்றல் கடைக்காரர் ஒருவர், எங்கள் அனுபவத்தைக் கேட்டுவிட்டுத் தம் அறிக்கையையும் எடுத்துத் தரச் சொன்னார். அச்செடுத்துக்கொண்டு போய், கடைப் பலகையில் அமர்ந்து அவரோடு வாசித்தோம். 2021ஆம் ஆண்டில் வரிசையாகத் தாமதங்கள். கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு சீசன்களிலும் அருவிகளில் குளிக்கத் தடை இருந்ததை ஊரே அறியும். ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்போ 2020 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. சீசனை நம்பி வாங்கிய கடனுக்குச் சீசன் இல்லாத ஆண்டிலும் மாதந்தோறும் தவணை வந்தது.

அவர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "அருவிய மூடுனது இதுல எங்க சார் இருக்கு?"

"அது இதுல வராது, அண்ணாச்சி" என்றோம். தாமதம் எத்தனை நாள் என்று எழுத அறிக்கையில் கட்டம் உண்டு. ஏன் என்று எழுத இல்லை. அடுத்த முறை கடன் கேட்கப் போகும்போது, அந்தக் காரணத்தை அவரேதான் வாயால் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு அதற்குப் பொறுமை இருக்க வேண்டும்.

அந்தப் பருவத்து விடைத்தாள் கட்டு வீட்டில் காத்திருந்தது. காய்ச்சலோடு எழுதிய மாணவனின் தாளிலும் காய்ச்சல் தெரிவதில்லை என்பதை நினைத்துக்கொண்டே அன்றிரவு அதைப் பிரித்தோம்.