மாமாவோட ரெட்டைக்குழலும் உடைஞ்ச கழுத்தும்

துப்பாக்கி பத்தின பதிவுன்னதும் பதறிடாதீங்க. யாரும் யாரையும் சுடப் போறதில்லை. இது முக்கால்வாசி மரவேலை பத்தின பதிவு.

தர்மபுரி மாவட்டத்தையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னாலே 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டியில் நடந்ததுதான் பலருக்கும் ஞாபகம் வரும். கொஞ்சம் புத்தகம் படிக்கிறவங்களுக்கு பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளைப் பத்தி எழுதின கென்னத் ஆண்டர்சன் ஞாபகம் வரலாம். ஆனா இந்தப் பக்கத்துல கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுட்டு, பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கி, வருஷத்துக்கு நாலு தோட்டா வெடிச்சாலே அதிகம்ங்கிற மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. காரிமங்கலத்துல எங்க மாமா அந்த ரகம்.

அவர்கிட்ட இருக்கிறது 12 போர் ரெட்டைக்குழல். இங்கிலாந்துல பர்மிங்காம்ல செஞ்ச வெப்லி அண்ட் ஸ்காட். மாமாவோட அப்பா வாங்கினது. 1980-கள்லயே வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை சாதாரண ஆளுங்களுக்கு நிறுத்திட்டதால, இந்த மாதிரி பழசுக்கு இங்கே தனி மவுசு. மாமாவுக்கு அந்த மவுசு எல்லாம் பொருட்டே இல்லை. "இது தோள்ல வச்சா தானா உக்காரும் மாப்ள" என்பார். அவ்வளவுதான் அவர் மதிப்பீடு.

அதுல ஒரு சங்கதி இருக்கு. மாமா பீச்சாங்கைக்காரர், அவங்க அப்பாவும் அப்படியே. வழக்கமா துப்பாக்கிக் கட்டை வலது கைக்காரருக்குத் தோதா இம்மியளவு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். தாத்தா அதை எதிர்ப்பக்கம் வளைச்சு வாங்கியிருக்கார். கட்டையோட கழுத்துல சூடான எண்ணெயை ஊத்தி ஊத்தி, மரம் இளகினதும் மெதுவா வளைச்சு இறுக்கி, ஆறவிடுவாங்களாம். கேட்டப்போ எனக்கு நம்பிக்கையே வரலை. ஆனா அது துப்பாக்கி ஆசாரிங்க காலங்காலமா செய்யற வேலைதான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினப்போ அது சாய்ஞ்சு, சுவர்ல சாத்தி வச்சிருந்த துப்பாக்கி மேல விழுந்தது. குழலுக்கு ஒண்ணும் ஆகலை. கட்டை மட்டும் கழுத்துல முறிஞ்சு மூணு துண்டு, கூடவே சிராய் சிராயா சிதறல். அத்தை விளக்குமாத்தை எடுத்துட்டாங்க. மாமா போட்ட சத்தத்துல அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் தரையில உக்காந்து முறத்துல சுண்ணாம்புத் தூளோட வாரி, சிராயை எல்லாம் ஒண்ணொண்ணா பொறுக்கி ஒரு வேட்டித் துணியில முடிஞ்சு வச்சாங்க. வேலை உருப்பட்டதுக்கு பாதிக் காரணம் அந்த முடிச்சுதான்னு பிற்பாடு தெரிஞ்சது.

ஏன் எப்பவும் கழுத்துலயே உடையுதுன்னா, கட்டையில் ரொம்ப ஒல்லியான இடம் அதுதான். அந்த ஒல்லி இடத்தையும் உள்ளே குடைஞ்சுதான் இரும்பு உக்காருது. மேல வால் மாதிரி நீளுற ஒரு இரும்பு, கீழ விசை இருக்கிற தகடு, ரெண்டையும் மரத்தோட சேர்த்துப் பிடிக்க ஒரு நீளத் திருகாணி. மாமாவோடது ஆன்சன், டீலி ரெண்டு பேரும் 1875-ல் காப்புரிமை வாங்கின அமைப்பு. இன்னிக்கும் பக்கவாட்டு ரெட்டைக்குழல்கள்ல பாதிக்கு மேல அந்த வழிதான்னு சொன்னா ஆச்சரியமில்லை. இரும்புக்கு இடம் விட்டது போக கழுத்துல மிஞ்சுற மரம் கொஞ்சூண்டு. வெடிக்கும்போது வர உதை மொத்தமும் அது வழியாத்தான் தோளுக்கு வரும்.

மச்சான் பெங்களூர்லேர்ந்து போன்லயே தீர்ப்பு சொல்லிட்டான், வித்துடுங்கப்பான்னு. ஊர் ஆசாரி, தேக்குல புதுசா ஒண்ணு இழைச்சுத் தரேன்னார். ஆசாரி பாவம், ஆசையாத்தான் சொன்னார். ஆனா 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேணும், உதிரி பாகமும் ஆயுதக் கணக்குலயே வரும். பெங்களூர் பக்கம்தானேன்னு தூக்கிட்டு ஓடவும் முடியாது, மாமா லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் செல்லும். ஆக, சென்னையில் அனுமதி உள்ள ஒரு கடை. லைசென்ஸ் புத்தகம், துப்பாக்கி, வேட்டித்துணி முடிச்சு சகிதம் மாமாவும் நானும் போனோம்.

அங்கே இருந்த பெரியவர் துண்டுகளைப் பாத்ததும் முகம் சுளிக்கலை. "நல்லா உடைஞ்சிருக்கு" என்றார். நக்கல்னு நினைச்சேன். இல்லை. கத்தியால வெட்டின மாதிரி குறுக்கா நறுக்குனு முறிஞ்சாதான் கஷ்டமாம். மரத்தோட குறுக்கு முனையில பசை நிக்காது. நீள நீளமா சிராய் கிளம்பி உடைஞ்சா, மரத்தோட ரேகை ஓட்டத்துலயே பசைக்கு நிறைய பரப்பு கிடைக்கும். துண்டுகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டு மாதிரி உக்காரும். பாக்க எவ்வளவு கோரமோ, ஒட்ட அவ்வளவு நல்லது. புதுக்கட்டை போடலாமான்னு கேட்டதுக்கு, "வால்நட் கட்டை காஷ்மீர்லேர்ந்து வரவழைக்கலாம். இந்த வளைவு வருமான்னு உத்தரவாதம் சொல்ல மாட்டேன்" என்றார். மாமா அதோட முடிவு பண்ணிட்டார்.

அவர் உப்புத்தாள் பக்கமே போகலை. உடைஞ்ச முகத்தைத் தேய்ச்சா பூட்டு போயிடும். முதல் எதிரி எண்ணெய். துப்பாக்கியைத் துடைச்சு எண்ணெய் போட்டு, குழல் மேல பாக்க நிறுத்தி வைக்கிறதுதான் எல்லார் வழக்கமும். அந்த எண்ணெய் வருஷக்கணக்கா இரும்பு வழியா கீழே இறங்கி, கட்டையோட தலையில ஊறி, மரம் கறுத்து மெத்துனு ஆகிடுது. அதுல எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோன் (அதாங்க, நகப்பூச்சு அழிக்கிற சமாச்சாரம்) விட்டு அலசி, சாக்குத்தூளை அப்பி வெயில்ல வச்சு, தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளானதும் தட்டிட்டு மறுபடி. இது மட்டுமே பத்து நாளுக்கு மேல.

ஒட்டினது ஒரே நாள். இரும்பு பாகத்துல மெழுகு பூசி, அதை கட்டையோட தலையில முடுக்கி வச்சுதான் ஒட்டினார். அப்பதான் இரும்பு உக்கார வேண்டிய இடம் கோணாதாம், மெழுகு இருக்கிறதால இரும்பும் ஒட்டிக்காது. பசை, மெதுவா இறுகுற அரால்டைட். அஞ்சு நிமிஷத்துல இறுகுற வகையறா இந்த உதைக்குத் தாங்காதுன்னார். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவா வெட்டி கழுத்தைச் சுத்தி இழுத்து இழுத்துக் கட்டினார். இத்தனை வளைவு உள்ள கட்டைக்கு இரும்புக் கவ்வியைவிட ட்யூபே தேவலையாம், எல்லாப் பக்கமும் ஒரே சீரா நெருக்கும்.

இறுகின பிறகு, உள்பக்கத்திலிருந்து கழுத்தோட நீளத்துக்குத் துளை போட்டு, மரை போட்ட ஒரு கம்பியை பசையோட இறக்கினார். வெளியே தெரியாது. தொலைஞ்சு போன ஒரே ஒரு சிராய்க்கு அவர் கடையில கிடந்த பழைய வால்நட் துண்டிலிருந்து ஒட்டு. மேல் வாலுக்குப் பின்னாடி காகித அளவு இடைவெளி விட்டார். இரும்பு அங்கே முட்டிக்கிட்டு நின்னா, ஒவ்வொரு உதைக்கும் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்குமாம். அப்புறம் கைப்பிடியில் இருக்கிற குறுக்குக்கோட்டுச் செதுக்கலை மறுபடி ஓட்டினார். ஒட்டின கோடு பாதி அதுக்குள்ளயே மறைஞ்சுடுச்சு. கடைசியா ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால தேய்ச்சு தேய்ச்சு. மொத்தம் ஆறு வாரம்.

வாங்கப் போன அன்னிக்கு மாமா கண்ணை மூடிட்டு தோளுக்கு ஏத்தி, கண்ணைத் திறந்து பாத்தார். ஒண்ணும் சொல்லலை. திரும்பி வர பஸ்ல வேலூர் தாண்டினப்புறம்தான், "பளபளப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் :-)

மாமாவுக்கு இப்ப 73. எழுபது வயசு தாண்டினவங்க வாரிசுக்கு மாத்திக் கொடுக்க 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு. நிலத்தைப் பாத்துக்கிறது மாமா பொண்ணுதான்ங்கிறதால அவ பேர்ல மனு போட்டிருக்கு. மச்சான் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான், கொஞ்சம் முணுமுணுப்போட. விசாரணை நடந்துட்டு இருக்கு.

துப்பாக்கி இப்ப பீரோவுக்குள்ள தலைகீழா நிக்குது. குழல் கீழே, கட்டை மேலே, அடியில ஒரு பழைய துணி. அந்தத் துணியில எண்ணெய் நாத்தம் அடிக்குதுன்னு அத்தை செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போற அன்னிக்கெல்லாம் அதை மாத்திட்டுப் போறாங்க.