நீலத்திரையைக் கண்டு நடுங்க வேண்டாம்

கணினி பட்டணத்துப் பிள்ளைகளின் சொத்து என்றிருந்த காலம் போய்விட்டது. தோட்டத்து வீடுகளிலும் இன்று மடிக்கணினி இருக்கிறது. முடுக்கியதும் அது எழ மறுத்து, நீலத்திரையையோ புதிய பதிப்புகளில் கருந்திரையையோ காட்டி, தானே அணைந்து அணைந்து எழுந்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

தங்கை மகள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. அவளுடைய கணினிக்குத்தான் அந்த நிலை வந்தது. பாடக் குறிப்புகள் போனால் மறுபடி எழுதலாம். ஆனால் எங்கள் அம்மா, விடியுமுன் பிரட்டுக்கு ஓடியதையும் பால்மரம் சீவியதையும் தம் வாயாலேயே சொன்ன ஒலிப்பதிவு அதில் இருந்தது. அம்மா காலமாகி ஈராண்டு ஆகிறது. வேறு பிரதி கிடையாது.

சிராங்கூன் சாலையைத் தாண்டி ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். பார்த்தவர், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் ஓடும்" என்றார். தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. மகளோ, "வேண்டாம் பெரியம்மா, வீட்டுக்குப் போவோம்" என்று பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு அவள் விளக்கினாள். இயங்குதளத்தின் நடுவே 'கெர்னல்' என்ற உட்கரு இருக்கிறதாம். நினைவகம், வட்டு, திரை எல்லாம் அதன் சொல் கேட்டே நடக்கும். அதனோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல் ஒன்று பிசகினால், கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். கணக்கில் பிழை கண்ட கிராணி, மேலே எழுதாமல் பேரேட்டை மூடிவைப்பதைப் போலத்தான். உள்ளே இருப்பது கெடாமல் காப்பதற்கே அது நிற்கிறது.

2024 ஜூலை 19இல் உலகமே இதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைப்படவே பதிவு செய்தன. 78 நிமிடங்களில் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விழுந்த கணினிகள் பல தாமாக எழவில்லை. ஆட்கள் பெட்டி பெட்டியாகப் போய், 'சேஃப் மோட்' என்னும் முறையில், அதாவது மிக அவசியமானவற்றோடு மட்டும் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கினார்கள்.

மகளும் அவ்வழியே சென்றாள். வெளியே செருகியிருந்தவற்றைக் கழற்றினாள். கணினி எழும் நேரத்தில் மின்விசையை அழுத்திப் பிடித்து மூன்று முறை அணைத்தாள். பழுது நீக்கும் திரை வந்தது. அதன் வழியே சேஃப் மோடுக்குள் போனாள். முதல் வேலையாக ஒலிப்பதிவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். பிறகு, முந்தின நாள் புதுப்பித்த திரைக்கான டிரைவர் நிரலைப் பழையதற்கே மாற்றினாள். கணினி எழுந்துகொண்டது. அம்மாவின் குரலைக் கேட்டு நாங்கள் மூவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். திரையில் தெரியும் பிழைக்குறியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'நேற்று என்ன புதிதாகச் சேர்த்தோம்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பல வேளைகளில் பழுது அங்கேதான் இருக்கும். சில கணினிகள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை இப்போதே எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று விநோத ஓசை வந்தால் மறுபடி மறுபடி முடுக்காமல் உடனே அணைத்துவிட்டு, தரவை மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்குப் போனாலும், "முதலில் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். போனவர்களின் குரலை வாங்க முடியாது. அழிப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.