கடைந்தெடுத்த நெருப்பு

புனித சனி இரவில், விளக்குகள் அணைந்த ஆலய முற்றத்தில் புது நெருப்பை ஆசீர்வதிக்க நிற்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கூச்சம் எழுவதுண்டு. விறகின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு அதைப் புது நெருப்பு என்கிறோமே! பழைய திருவழிபாட்டு நூல்கள் அந்நெருப்பைக் கல்லில் தட்டி எடுக்கும்படி பணித்தன. உழைத்துப் பெற வேண்டியதை நாம் கடையில் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று தோன்றும்.

நம் முன்னோர் மரத்திலிருந்தே நெருப்பை எடுத்தார்கள். அதற்கான கோலை ஞெலிகோல் என்றும் தீக்கடைகோல் என்றும் அழைத்தனர். புறநானூற்றில் ஔவையார் அதியமானை, வீட்டு இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். வெளியே தெரியாமல் உள்ளே நெருப்பு உறங்குகிறதாம். முன்னை மரத்துக்கு வடமொழியில் அக்கினிமந்தம் என்று பெயர். நெருப்பைக் கடைவது என்பது பொருள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட நூலில், தென்னிந்தியாவில் மரத்தை உரசி நெருப்பெடுக்கும் முறைகளுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு.

ஆவடிப் பகுதிப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். ஏரிகள் வீட்டுமனைகளாகிவிட்ட அப்பகுதியில், மழை பெய்தால் ஆலய வளாகத்துக்குள் பாம்புகள் வரும். அவற்றைப் பிடிக்க இருளர் பெரியவர் ஒருவரை அழைப்போம். தவக்காலத்தில் ஒரு நாள் அவரிடம் கேட்டேன்:

“நெருப்புக் கடையத் தெரியுமா, பெரியவரே?”

“எங்க தாத்தா கடைவாரு சாமி. சின்ன வயசுல கூட உக்காந்து கத்துக்கிட்டேன். கட்டை நல்லாக் காஞ்சிருந்தா வரும்.”

மறுநாள் வந்தார். நின்றபடியே பட்டுக் காய்ந்த எருக்கந்தண்டைப் பிளந்து பலகையாக்கினார். அதன் ஓரத்தில் ஒரு சிறு குழி. குழியிலிருந்து விளிம்புவரை ஒரு வெட்டு. நேரான முன்னைக் குச்சியைக் குழியில் நிறுத்தி, இரு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்திச் சுழற்றினார். சுழற்றச் சுழற்றக் கைகள் கீழே இறங்கிவிடும். அவற்றை மீண்டும் மேலே கொண்டுபோகும் கணத்தில் சூடு ஆறிவிடும். நானும் முயன்றேன். புகை வந்தது, நெருப்பு வரவில்லை. உள்ளங்கையில் கொப்புளம்தான் எழுந்தது.

“ஒத்தையா ஆவாது சாமி. எனக்கும் வயசாயிடிச்சு. நீங்க எதிர்ல உக்காருங்க. என் கை கீழ வந்ததும் உங்க கை மேல புடிக்கணும். நடுவுல நிக்கக் கூடாது.”

தரையில் எதிரெதிரே அமர்ந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஆண்டுகளாக இவரை வாயிற்படியில் நிற்கவைத்தே கூலி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒருமுறையேனும் ‘உட்காருங்கள்’ என்று நான் சொன்னதில்லை. இன்று அவர் என்னை உட்காரச் சொல்கிறார்.

அவர் கை இறங்க, என் கை தொடர, வெட்டில் விழுந்த மரத்தூள் பழுப்பாகிப் பின் கறுத்தது. குச்சியை எடுத்த பிறகும் புகை நிற்கவில்லை. தூளுக்குள் கடுகளவு சிவப்பு! தென்னம்பன்னாடையும் எருக்கம்பஞ்சும் சேர்த்துச் செய்த கூட்டில் அதை இட்டு, உறங்கும் குழந்தையின் முகத்தில் ஊதுவதுபோல் மெல்ல ஊதினார். தீ எழுந்தது.

“புனித சனியன்று மக்கள் முன் இதைச் செய்யலாமே!” என்றேன் உற்சாகமாக.

“வேடிக்கை காட்டவா சாமி?” என்று கேட்டார். அக்குரலில் கோபம் இல்லை. என்னிடம் விடையும் இல்லை.

அவ்வாண்டும் தீப்பெட்டியால்தான் நெருப்பு மூட்டினோம். அடுத்த மழையில் பெரியவர் வந்தபோது என் அறைக்குள் அழைத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரச் சிறிது நேரம் பிடித்தது. மூன்று ஆண்டுகள் நான் ஏற்படுத்திய பழக்கம் ஒரு சொல்லில் மாறிவிடுமா?

அன்பர்களே, புது நெருப்பின் முன் நிற்கையில் இன்றும் எனக்குக் கூச்சம் எழுகிறது. ஆனால் அது தீக்குச்சியைப் பற்றியதன்று.