மூன்று சக்கரத்துக்கு மட்டும் வரம்பு

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் முப்பதாண்டு வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், அந்நகரின் போக்குவரத்துக் கொள்கை வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அவர் முதலில் ஓட்டியது டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டி. அவ்வகை எஞ்சினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும். எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவர் முகத்தில் நீலப் புகை அடிக்கும். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த காலமும் அதுதான். எஞ்சினைக் குறை சொல்வதா, எரிபொருளைக் குறை சொல்வதா என்பது ஓட்டுநருக்கே விளங்காது.

2000-களில் ஆட்டோக்கள் எல்.பி.ஜி.க்கு மாறவேண்டும் என்ற கட்டாயம் வந்தது. கிட் பொருத்த ஒரு கடன். பங்க்கில் நீண்ட வரிசை. வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் இழந்த சவாரி. பிறகு ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னொரு கடன். நீலப் புகை குறைந்தது மெய். ஆனால் நகரத்தார் அனைவரும் சுவாசிக்கும் காற்றுக்கான செலவை மாதத் தவணையாகக் கட்டியவர்கள் ஆட்டோக்காரர்களே என்பதைக் கொள்கை ஆய்வுகள் போகிறபோக்கில்கூடச் சொல்வது அரிது.

ஆட்டோவுக்கு வேறொரு கட்டும் உண்டு. நகருக்குள் இத்தனை பெர்மிட்தான் என்று அரசு வரம்பு வைக்கிறது. நாளெல்லாம் ஆள் ஏற்றி இறக்கும் வண்டிக்கு எண்ணிக்கை வரம்பு. காலையும் மாலையும் ஒருவரைச் சுமந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் நிற்கும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் எந்த வரம்பும் இல்லை. அவற்றின் எஞ்சின்களும் தூய்மையாகித்தான் வந்தன. 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 முதலில் வந்த 13 நகரங்களுள் பெங்களூருவும் ஒன்று; 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 நாடு முழுவதும் வந்தது. அதற்குள் நகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியை நெருங்கிப் பின்னர் தாண்டியும்விட்டன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இருசக்கர வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் புகையையும் பாதியாக்கிவிட்டு வண்டிகளை இரட்டிப்பாக்கினால் கணக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். நெரிசலில் ஊர்ந்தால் இன்னும் மோசம்.

சிங்கப்பூர் 1990-லேயே தனியார் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. பேருந்தும் ரயிலும் போதாத ஊரில் அதை அப்படியே நகலெடுத்தால் அது தண்டனையாகவே முடியும். பேருந்துதான் முதலில் வரவேண்டும். இங்கே அது மெதுவாகவே வந்தது. நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி. 2014 பிப்ரவரியிலேயே மின்பேருந்து ஒன்றை மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடிவரை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தது. மின்பேருந்துகள் சேவைக்கு வந்ததோ 2021 டிசம்பரில். இடையில் வாங்கிய டீசல் பேருந்துகள் சாலையைவிட்டு எளிதில் போய்விடுவதில்லை.

ஓட்டுநரின் மகளுக்கு மாரத்தஹள்ளியில் வேலை. 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையில் கே.ஆர்.புரத்துக்கும் சில்க் போர்டுக்கும் இடையே பேருந்துகளுக்கெனத் தனித்தடம் பிரித்துத் தடுப்புக் கம்பங்கள் நட்டார்கள். நிற்கும் கார்களைக் கடந்து பேருந்து போவதை அவள் வீட்டில் வியந்து சொன்ன மாதங்கள் சிலவே. பொதுமுடக்கம் வந்தது. அது முடிந்து அலுவலகம் திறந்தபோது மெட்ரோ தூண்களுக்கான பணியில் தடம் மறைந்திருந்தது. அவள் பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கினாள். அடுத்த ஆண்டு தம்பியும் ஒரு பைக் வாங்கினான்.

2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் கட்டணமில்லை. அன்று மாலை அப்பா, “இனிமே பஸ்லயே போலாமே பாப்பா” என்றார்.

“பஸ்ஸு ஓசிதான்ப்பா. நேரம் ஓசியில்லையே.”

அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. இப்போது மின் ஆட்டோ வாங்கலாமா என்று தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீடிருக்கும் சந்து குறுகல். இரவில் முதலில் வந்து நிற்பது ஆட்டோ. அதன் பின்னால் ஸ்கூட்டரும் பைக்கும். விடிகாலை சவாரிக்குக் கிளம்பும்போது அவ்விரண்டையும் ஒவ்வொன்றாக நகர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டுத்தான் அவர் வண்டியை வெளியே எடுக்கிறார்.