மாட்டுக்கு மறுநாள்

மாட்டின் எதிரே மனிதன் நிற்பது குறித்து எழுதப்பட்டவை பெரும்பாலும் மனிதனைப் பற்றியவை. எழுதுகிறவன் மாடு அல்ல என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்த நம்மவர்கள் காளை என்றதும் ஹெமிங்வேயிடம் போய் நிற்கிறோம், அங்கிருந்து சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லுக்குத் திரும்புகிறோம். வீரம், மரணத்தின் அண்மை, நெருக்கடியில் குலையாத நிதானம் என்று அளவுகோல்கள் தயாராக இருக்கின்றன. அவை பொய்யான அளவுகோல்கள் அல்ல. ஆனால் எல்லாமே மனிதன் பக்கமிருந்து நீட்டப்பட்டவை. விளையாட்டு முடிகிற கணத்தில் அவையும் முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பாலும் அளக்க வேண்டியது ஒன்று உண்டு என்று எனக்குப் பட்டது கொல்லிமலையில்தான். கொல்லிமலை என்றால் நம் ஆட்களுக்கு ஓரியும் பாவையும். மாடு நினைவுக்கு வருவதில்லை.

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு மலையிலிருந்து ஒரு பெரியவர் நகைக் கடனுக்காக வருவார். மிளகு விற்றதும் மீட்டுக்கொண்டு போவார். ஆடி பிறந்தால் அதே நகை திரும்ப வரும். 2019 ஜனவரியில் வட்டி கட்ட வந்தவர், "பொங்கலுக்கு மேல வாங்க சார், எருதாட்டம் பாக்கலாம்" என்றார். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினேன்.

வாடிவாசலோ, பரிசு அறிவிக்கும் ஒலிபெருக்கியோ அங்கே கிடையாது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு மேடும் பள்ளமுமான களம், அவ்வளவுதான். மாட்டின் கொம்படியில் இரண்டு வடக்கயிறுகள். ஒவ்வொன்றையும் ஏழெட்டுப் பேர் பிடித்திருந்தார்கள். முன்னால் ஒரு பையன் மூங்கில் கழியின் நுனியில் கட்டிய துணிப் பொம்மையை மாட்டின் முகத்துக்கு நேராக ஆட்டிவிட்டுப் பின்வாங்குவான். மாடு பாயும். கயிறு விறைக்கும். பின்னால் இருக்கிறவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுப்பார்கள். இரண்டு பேர் விழுவார்கள். சிரிப்பும் சீழ்க்கையும் தப்புச் சத்தமும் ஒன்றாக எழும். திருப்பூரிலிருந்து ஊர் திரும்பியிருந்த இளவட்டங்களில் பாதிப் பேர் குடித்திருந்தார்கள். திண்ணையிலிருந்து கிழவிகள் அவர்களைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். பக்தி, கலை, வீரம் என்று எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத ஒரு கலாட்டா.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் அந்த மாட்டுக்காரரின் பங்காளிகளும் மாமன் மச்சான்களும். அடுத்த மாடு வந்தால் கயிற்றுக் கைகளும் மாறின.

பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞன் வந்திருந்தான். தலைக்கவசத்தின் மேல் சின்னக் காமிரா, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. முந்தின வருஷம் ஸ்பெயினில், பாம்ப்லோனாவில், காளைகளோடு ஓடியவன் என்று டீக்கடையிலேயே சொல்லியிருந்தான். பயந்தவன் இல்லை, மரியாதை தெரியாதவனும் இல்லை. பெரியவரிடம் வந்து, தானும் ஒரு முறை கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டான்.

"வேண்டாந் தம்பி. உங்க வாசம் மாட்டுக்குத் தெரியாது. அது நாளைக்கும் எங்ககூடத்தான இருக்கணும்."

விரட்டுகிற குரல் இல்லை அது. ஒரு நடைமுறைத் தகவலைச் சொல்வது போல் சொன்னார். எனக்கு இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

அன்றிரவு செம்மேட்டில் அந்த இளைஞனோடு பேசிக்கொண்டிருந்தேன். பாம்ப்லோனாவை அவன் நன்றாகவே விவரித்தான். ஜூலை 6 நண்பகலில் நகர மன்றத்திலிருந்து ராக்கெட் வெடிக்கும். 7 முதல் 14 வரை தினமும் காலை எட்டு மணிக்கு ஓட்டம். பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், ஆறு காளைகள், இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். பதினெட்டு வயதானவர் எந்த நாட்டுக்காரரும் ஓடலாம். செத்தவர்களும் உண்டு, 2009-ல்கூட ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். அந்த மூன்று நிமிஷத்தில் தன் உடம்பைத் தான் முதல் தடவையாக உணர்ந்ததாகச் சொன்னான். அதை நான் நம்புகிறேன். "சாயந்திரம் அந்தக் காளைகளுக்கு என்ன ஆகும்?" என்றேன். "அரங்கத்துல சண்டை இருக்கும். எனக்கு டிக்கெட் கிடைக்கல" என்றான். காலையில் அவனோடு ஓடிய ஆறும் அன்று மாலையே கொல்லப்படும். ஓடினவனுக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மறுநாள் காலைக்கு வேறு ஆறு வரும்.

பாம்ப்லோனாவை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது 1926-ல் வந்த 'தி ஸன் ஆல்ஸோ ரைஸஸ்' என்ற நாவல். அதில் காலை ஓட்டத்தில் ஒருவனைக் குத்திக் கொன்ற காளை, பிறகு அரங்கத்தில் கொல்லப்படுகிறது. அதன் காது நாயகி பிரெட்டுக்குப் பரிசாக வருகிறது. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஓட்டல் அறையின் மேஜை இழுப்பறையில் சிகரெட் துண்டுகளோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஹெமிங்வே பெரிய கலைஞர் என்பதற்கு எனக்கு இந்த இடம் போதும். வீரத்தைக் கொண்டாடப் போன எழுத்து, கொண்டாட்டத்தின் மிச்சம் எங்கே கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. வாசித்துவிட்டுப் பாம்ப்லோனாவுக்குப் புறப்பட்ட தலைமுறைகள் ஓட்டத்தை எடுத்துக்கொண்டன, இழுப்பறையை விட்டுவிட்டன.

'வாடிவாச'லையும் இந்த இடத்திலிருந்து திரும்பப் படிக்கலாம். தகப்பனைக் கொன்ற காரிக் காளையைப் பிச்சி அடக்குகிறான். நம் விமர்சனம் அந்தக் கணத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் கதை ஜமீன்தாரின் துப்பாக்கியில்தான் முடிகிறது. காளை தோற்றதால் சுடப்படவில்லை. அது மாடாக இருப்பதை விட்டு ஜமீனின் கௌரவமாக ஆகிவிட்டதால் சுடப்படுகிறது. கௌரவத்துக்கு மறுநாள் தீனி வைக்க முடியாது. காரி யாருடைய ஏரையும் இழுத்திருக்காது. ஸ்பெயினின் அரங்கமும் தமிழ்நாட்டு ஜமீனும் சந்திக்கிற புள்ளி இது. செல்லப்பா இதை ஒரு வார்த்தை விளக்காமல் எழுதினார்.

நீதிமன்றங்களிலும் தெருவிலும் நடந்த விவாதத்தை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஒரு பக்கம் பண்பாடு, மறு பக்கம் வதை. பண்பாடு பேசியவர்களில் பலர் மாட்டின் அருகே போயிராதவர்கள். வதை பேசியவர்களிலும் அப்படியே. நாட்டு மாட்டினம் அழிந்துவிடும் என்ற வாதம் ஒன்றுதான் மாட்டின் மறுநாளைக் கொஞ்சம் நெருங்கி வந்தது. திருத்தச் சட்டத்தின் வரையறையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகிய பெயர்கள் இருக்கின்றன. எருதாட்டம் என்ற சொல் இல்லை. 1909-ல் வெளியான தர்ஸ்டனின் தொகுதிகளிலேயே சேர்வராயன் மலை மலையாளிகளின் எருதாட்டம் விவரிக்கப்பட்டிருக்கிறது. கடற்கரையில் கூடிய கூட்டத்தில் மலைக்காரனின் மாட்டுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

எருதாட்டத்தை நான் புனிதப்படுத்த வரவில்லை. அன்று சாயந்திரம் தொழுவத்தில் அந்த மாட்டைப் பார்த்தேன். கொம்படியில் கயிறு அறுத்துத் தோல் வழன்றிருந்தது. பெரியவர் விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தார். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவரைக் கிட்டே விடவில்லை. அவர் வற்புறுத்தாமல் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். மாடு விரும்பித்தான் ஆடியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு வலித்தது. ஆனால் வலி கொடுத்த கைகளும் மருந்து கொண்டுவந்த கைகளும் ஒரே கைகள். அந்த மாடு இணங்குகிற வரை அவை காத்திருக்க வேண்டியிருந்தது. டிராக்டர் ஏறாத சரிவுகளில் கோடை மழைக்குப் பிறகு ஏர் பூட்ட வேறு மாடு இல்லை. அன்பு என்று இதற்குப் பெயரிட எனக்குத் தயக்கம். பிழைப்பு விதித்த பொறுப்பு என்று சொல்லலாம். அன்பைவிட அது நீண்ட நாள் நிற்கும்.

அந்த 70 வளைவுகள் வழியாக இனி இன்னும் பல சிவப்புக் கைக்குட்டைகள் ஏறி வரும். கயிற்றைப் பிடிக்கக் கட்டணம் என்று ஒரு நாள் யாராவது பலகை வைக்கலாம். அன்று எருதாட்டம் அழிந்துவிடாது. கூட்டமும் பெரிதாக இருக்கும். மாட்டின் வாசம் அறியாதவர்கள் கயிற்றைப் பிடித்திருப்பார்கள், சாயந்திரம் தொழுவத்துக்குப் போகிற வேலை மட்டும் அவர்களுக்கு இருக்காது. காளையைப் பற்றிய விளையாட்டானாலும் கதையானாலும், சட்டமானாலும், நான் இப்போது முதலில் கேட்பது மறுநாள் காலை அந்த மாடு யார் வீட்டில் நிற்கிறது என்பதைத்தான். யார் ஜெயித்தார்கள் என்பது அதற்குப் பிறகு.