கறை படிந்த சட்டையும் ஒரு பாக்குவெட்டியும்

நாங்கள் தில்லிக்குக் குடியேறிய ஐம்பதாவது ஆண்டில், அதாவது 2024ஆம் ஆண்டின் வேனிலில், நியூஜெர்சியில் வாழும் எங்கள் மகனின் இல்லத்தில் ஐந்து திங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. சென்ற மறுநாளே அவ்வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழையைக் கண்டோம். நடுவே விரிசல் கண்ட மர மட்டை ஒன்று, அழுக்கேறிய பந்துகள் இரண்டு, மார்பில் செம்மண் கறை படிந்த சட்டை ஒன்று. இதை வெளுக்கப் போடாமல் ஏன் மாட்டி வைத்திருக்கிறாய் என்று எங்களில் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மகன் பதறிப் போனான். வெளுத்தால் அதன் மதிப்பே போய்விடுமாம்.

அமெரிக்கர் உயிராய் மதிக்கும் பேஸ்பால் ஆட்டத்தில் உண்மையாகவே ஆடப்பட்ட பந்து, அடித்த மட்டை, அணிந்த சட்டை ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் ஏராளம். கடையில் வாங்கிய புதுப்பொருளுக்கு அங்கே மதிப்பில்லை. கறையும் கீறலுமே பெருமை. அந்தப் பந்துகூடப் புதிதாகக் களம் இறங்குவதில்லை. அதன் வழவழப்பைப் போக்குவதற்காக, டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் நியூஜெர்சிப் பக்கம் எடுத்த சேற்றைத் தேய்த்தே ஆட்டத்துக்கு அனுப்புகிறார்கள். சேறு எடுக்கும் இடத்தை மட்டும் வெளியே சொல்வதில்லை. எங்கள் ஊர்ச் சமையற்காரர்கள் சாம்பார்ப் பொடியின் பக்குவத்தை மறைத்ததுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

மகன் எங்களை யாங்கி ஸ்டேடியத்துக்கும் அழைத்துச் சென்றான். ஆட்டம் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் வீரர்கள் அமரும் இடத்தின் அருகே இருந்த ஒருவரைக் காட்டினான். களத்திலிருந்து விலக்கப்படும் பந்தை வாங்கி, எண்ணிட்ட ஹோலோகிராம் வில்லையை ஒட்டி, இன்ன ஆட்டத்தில் இன்னார் வீசியது என்று பதிந்துகொள்வது அவர் பணி. இப்பணியில் இருப்போர் பெரும்பாலும் காவல்துறையில் பணியாற்றியவர்கள். 1990களில் போலிப் பொருள்கள் மலிந்து, டோனி க்வின் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையொப்பங்களைக் கண்டாராம். எஃப்.பி.ஐ. அந்தக் கும்பல்களைப் பிடித்த பின்னர், 2001ஆம் ஆண்டில் பேஸ்பால் சங்கமே இச்சான்றளிப்பு முறையைத் தொடங்கிற்று.

இவ்வளவும் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டபோதுதான் எங்களுக்கு உறக்கம் போயிற்று. பேப் ரூத் என்னும் ஆட்டக்காரர் 1932ஆம் ஆண்டு உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், சிகாகோ நகரில், அணிந்த சட்டை 2005இல் 9,40,000 டாலருக்கு விலைபோனது. நாங்கள் அங்கிருந்த ஆகஸ்டு மாதத்தில் அதே சட்டை 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இது அச்சட்டையே என்று உறுதி செய்திருந்தார்கள். “பார்த்தீர்களா அப்பா, எந்த வங்கி இப்படி வட்டி தரும்?” என்றான் மகன்.

நாங்களும் அவனுடைய புத்தகங்களையே புரட்டி மறுமொழி தேடினோம். மார்க் மெக்வயர் 1998இல் அடித்த எழுபதாவது ஹோம் ரன் பந்தை டாட் மெக்ஃபார்லேன் என்ற சித்திரக்கதைக் கலைஞர் 1999இல் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். மூன்றே ஆண்டில், 2001இல், பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அச்சாதனையைக் கடந்தார். அந்த எழுபத்து மூன்றாவது பந்து தமக்கே உரியது என்று அரங்கில் இருந்த இருவர் வழக்காடினர். விற்று ஆளுக்குப் பாதியாகக் கொள்க என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் அது நாலரை லட்சம் டாலருக்குத்தான் போயிற்று. வாங்கியவர் அதே கலைஞர்! 2010இல் மெக்வயர் தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டார். பந்து அதே பந்துதான். அதைப் பார்க்கும் கண்தான் மாறிவிட்டது.

மகனும் ஒருமுறை அடிபட்டவனே. தனக்குப் பிடித்த வீரர் ஒருவருடையது என்று நம்பி 3,200 டாலருக்கு ஒரு மட்டையை வாங்கியிருக்கிறான். மட்டை செய்யும் தொழிற்சாலைகள் எந்த வீரருக்கு எந்த நீளத்தில், எந்த எடையில் அனுப்பினோம் என்று பதிவேடு வைத்திருப்பது உண்டு. அதைக் கொண்டு சரிபார்த்ததில் எடை பொருந்தவில்லை. விற்றவரைக் காணவில்லை. இச்செய்தியை மருமகள்தான் எங்களிடம் மெல்லச் சொன்னாள். அவனாகச் சொல்லவில்லை.

அன்றிரவு நாங்கள் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். பேத்தியின் படிப்புக்கு உரிய பணத்தை எவனோ ஒருவனுடைய வியர்வைக்கு விலையாகக் கொடுப்பதா என்று கேட்டோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “நம் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள் அப்பா? தாத்தாவின் மேசைப்பெட்டி எங்கே?” என்றான்.

எங்களால் விடை கூற இயலவில்லை. கும்பகோணத்துக்கு அருகே எங்கள் சிற்றூரில் கணக்கு எழுதியவர் அவன் தாத்தா. எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். அவருடைய மேசைப்பெட்டியின் வலக்கோடியில் மைக்கூடு கவிழ்ந்து ஊறிய கறை ஒன்று இருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1988இல், வீட்டை விற்றோம். பத்து நாள் விடுப்பு. தில்லி அரசுக் குடியிருப்பில் இரண்டே அறை. அண்டாவும் தவலையும் எடைக்குப் போயின. மேசைப்பெட்டியைப் பழைய சாமான் வாங்குபவர் கறையைக் காட்டி விலையைக் குறைத்தார். நாங்களும் குறைத்துக் கொடுத்தோம். அப்போது எட்டு வயதுச் சிறுவனாக இருந்த எங்கள் மகன் திண்ணையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் குடும்பங்களில் இப்படி எடைக்குப் போகாத வீடு எத்தனை இருக்கும்?

இன்னொரு செய்தியையும் அவனே சொன்னான். பேப் ரூத்தின் மற்றொரு சட்டையை 2003இல் இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஒரு நிறுவனம் வாங்கியது. சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, விற்பனை அட்டைகளில் பதித்தது. ஆளுக்கொரு துணுக்குக் கிடைக்கும்; சட்டை இல்லை. அதைச் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது. வாணிபத்துக்காகவே சேர்ப்பவனுக்கு அந்தத் தழுதழுப்பு வராது என்பது எங்கள் கருத்து. இருப்பினும் பேத்தியின் படிப்புக்கான கணக்கைத் தனியே பிரித்து வைக்கச் செய்த பின்னரே நாங்கள் விமானம் ஏறினோம்.

டிசம்பர் விடுமுறைக்கு அவர்கள் தில்லிக்கு வந்தார்கள். எங்களிடம் எஞ்சியிருந்தது பெரியவரின் பாக்குவெட்டி ஒன்றே. அதுவும் நாங்கள் பேணியதன்று. பழைய பெட்டியின் மூலையில் கிடந்து தப்பியது. பேத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது கொள்ளுத்தாத்தாவுடையதுதான் என்று எப்படித் தெரியும், தாத்தா?” என்று கேட்டாள். புகைப்படம் இல்லை, வில்லை இல்லை. பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருப்பதைக் காட்டினோம். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். பேத்தி தன் இடக்கையில் அதைப் பிடித்துக் கட்டைவிரலைக் குழியில் வைத்துப் பார்த்தாள். உடைந்த மற்றொரு பிடியில் அவரே சுற்றிய செப்புக் கம்பி இன்றும் நெகிழவில்லை. எப்போது சுற்றினார் என்றாள். எங்களுக்குத் தெரியவில்லை.

பெரியவரின் தங்கை தொண்ணூறு வயதில் மயிலாடுதுறையில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டோம். செவி மந்தம். மூன்று முறை உரக்கக் கூறிய பின், “எந்தப் பாக்குவெட்டி? கம்பி சுற்றினதா? அது இன்னுமா இருக்கு?” என்றார். பேத்தி குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்தாள்.